நடந்தவர்களின் ரத்தம்

அந்தக் குடும்பத்தில் நல்ல கல்லீரல் தண்டபாணியுடையது என்றது இயந்திரம். தண்டபாணி கல்லீரல் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்.

திரையில் இரண்டு எண்கள் இருந்தன. அவருக்கு ஒன்பது. அவர் மனைவி கோகிலவாணிக்கு இருபத்தேழு.

"இருபதுக்குக் கீழ இருந்தாத்தான் தானம் கொடுக்க முடியும்," என்றார் டாக்டர் நஸ்ரீன்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி. ஆனி மாதத்துக் காற்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. தண்டபாணியின் வயிற்றில் தண்ணீர் கோத்திருந்தது. கண்கள் மஞ்சளாக இருந்தன. அவர் திரையையே பார்த்தார்.

"ஒம்பதுன்னா நல்லதுதானுங் டாக்டரம்மா?"

"எண்ணைக் கேட்டா நல்லதுதான்ணா."

"அப்ப நானே இவளுக்குக் குடுத்தர்றன்."

"சும்மா இருங்," என்றாள் கோகிலவாணி.

நஸ்ரீன் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"இந்த எண் கொழுப்பை மட்டும்தான் அளக்குதுக்கா. கல்லீரல்ல கொழுப்பு சேருது. வருசக்கணக்கா சேர்ந்து புண்ணாகுது. புண்ணு ஆறி ஆறித் தழும்பாகுது. முழுசும் தழும்பான பிறகு கொழுப்பு தங்க அங்க இடமில்ல. அதான் ஒன்பது. எரிஞ்சு முடிஞ்ச வீட்டுல போய்ப் பாத்துட்டு, தீ இல்லைன்னு சொல்ற மாதிரி."

"அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்."

"தெரியும்க்கா. குடிக்காதவங்களுக்கு வர்றதுதான் இது."

"எனக்கு இருபத்தேழுங்கறது?"

"கொழுப்பு இருக்குன்னு அர்த்தம். ஆனா உங்களை நான் ஸ்கேன் எடுத்தேன். சுத்தமா இருக்கு. எனக்கே புரியல."

"அப்ப ஸ்கேனை வெச்சு எடுத்துக்குங்."

"சட்டம் ஸ்கேனைக் கேக்காதுக்கா."

கல்லீரல் எண் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டுமென்றால் விலாவுக்குள் ஊசி இறக்கிச் சதையைக் கிள்ளி எடுக்க வேண்டும். இப்போது ஒரு குழாய் ரத்தம் போதும். ரத்தத்தில் மிதக்கும் ஏழு பொருட்களை இயந்திரம் அளந்து ஒற்றை எண்ணாகச் சொல்லிவிடும். எண் எல்லோருக்கும் புரிந்தது. அதனால் எல்லோரும் அதைக் கேட்டார்கள். பேருந்து ஓட்டுநர் வேலைக்குப் பதினெட்டுக்குள் இருக்க வேண்டும். காப்பீட்டுக்கு இருபது. மாப்பிள்ளை வீட்டார் நட்சத்திரத்தைக் கேட்ட கையோடு எண்ணைக் கேட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலை மூலையில் வைத்த ஜிலேபியைத் தொடாமல் எழுவது கௌரவமாயிற்று.

உறுப்பு தானத்திலும் அந்த எண் வந்தது காரணத்தோடுதான். எங்கோ மூன்று பேர் கொழுப்பேறிய கல்லீரலைக் கொடுக்கப் போய் மேசையிலேயே இறந்தார்கள். மூன்று குடும்பங்களும் கெஞ்சியிருந்தன. மருத்துவர்கள் இணங்கியிருந்தார்கள். அதன்பிறகு முடிவு மருத்துவர்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. எண்ணிடம் யாரும் கெஞ்ச முடியாது.

தண்டபாணியின் தம்பிக்கு ரத்த வகை பொருந்தவில்லை. மகளுக்குப் பதினைந்து வயது. மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரலுக்குக் காத்திருப்போர் வரிசையில் அவருக்கு முன்னால் பலர் இருந்தார்கள்.

கணவனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுக் கோகிலவாணி திரும்பி வந்தாள்.

"எத்தன நாளுங்?"

"மூணு மாசம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"இருபதுக்குக் கொண்டாந்தாப் போதுமுங்களா?"

"இருபதுக்குக் கீழ."

"சரிங்," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

காங்கேயத்துக்கு வெளியே அவர்களுக்குத் தேங்காய்க் களம் இருந்தது. உடைத்த தேங்காய்கள் வெயிலில் வெள்ளையாகப் பரந்து கிடக்கும். களத்தைப் பார்த்துக்கொண்டது கோகிலவாணிதான். அவள் வீட்டுக்கு வருவதற்குள் எண் வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, இருபத்தேழுங்களாமா?" என்றாள் களத்தில் வேலை செய்யும் ராசாத்தி. காயும் தேங்காய்ப் பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஆருடி சொன்னா?"

"டிரைவரு சொன்னாரு. பருப்பத் திங்கறத நிறுத்துங்க்கா."

"நான் எங்கடி தின்னன்? நீதான் மடி நெறையக் கட்டிட்டுப் போற."

"அதான் எனக்கு முப்பத்தொண்ணு."

பெண்கள் சிரித்தார்கள். சாயங்காலம் மாமியாரின் தங்கை போனில் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"உன்ற நம்பரு இத்தனைன்னு வெளிய சொல்லிட்டுத் திரியாத சாமி. நாளைக்குப் புள்ளைக்கு வரன் பாக்கோணும்."

"புள்ளைக்குப் பதினஞ்சு வயசுங் சின்னத்தை."

"சனம் வயச மறக்கும். நம்பர மறக்காது."

கோகிலவாணி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மாறினாள். கொள்ளும் கீரையும். எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை. காலையில் களத்தைச் சுற்றி நடந்தாள். புடவைக் கொசுவம் தளர்ந்தது. ஒரு மாதம் கழித்து எண் இருபத்திரண்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பத்து நாள் கழித்தும் இருபத்திரண்டு.

ஒரு காலையில் தண்டபாணி குளித்து, பச்சை வேட்டி கட்டி, வெறுங்காலோடு வாசலில் நின்றார்.

"வேன் வந்துருச்சா?"

"எங்கீங் வேன்?"

"பசங்கள எழுப்பு. வெயிலுக்கு மின்ன தாராபுரம் தாண்டோணும்."

அவர் பேச்சு குழறியது. கைகள் பறவைச் சிறகுபோல் உதறிக்கொண்டன. கெட்ட கல்லீரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறினால் இப்படி ஆகும் என்று நஸ்ரீன் முன்பே சொல்லியிருந்தார். கோகிலவாணி அவரைக் காரில் ஏற்றினாள். அவர் வேன் என்று நினைத்து ஏற மறுத்தார். நடந்துதான் வருவேன் என்றார்.

மதியத்துக்குள் மருந்து ஏறி அவர் தூங்கினார். நஸ்ரீன் படுக்கையருகே நின்றபடி கேட்டார்.

"எங்க கெளம்பினார்?"

"பழனிக்குங். தைப்பூசம்னு நெனச்சுட்டாரு. வருசா வருசம் நடப்பாருங். எங்க குழுவுக்கு அவருதான் முன்ன நிப்பாரு."

"விரதம் இருந்தா?"

"ஒரு மண்டலமுங். ஒரு வேளைச் சோறு. கறி இல்ல, ஸ்வீட்டு இல்ல. அந்த விசயத்துல மனுசன் சுத்தம். மாலையக் கழட்டுன அன்னிக்கே பரோட்டாக் கடைக்குப் போயிருவாரு. அது வேற."

"இத்தன வருசத்துல ஒரு தடவைகூட எண் பாக்கலயா?"

"வருசா வருசம் பாப்பாருங். தாராபுரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துல நடந்து வர்றவங்களுக்கு முகாம் போடுவாங். பத்து வரும், பதினொண்ணு வரும். கல்லீரலு தங்கமாட்டம் இருக்குதுன்னு சொல்லிட்டுத் திரிவாரு. அதனாலதானுங் நாங்க வேற டாக்டருகிட்டப் போகவே இல்ல."

நஸ்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ரமலான் நோன்பு முடியறப்ப பதினாறு வரும்," என்றார் பிறகு. "பக்ரீத் பிரியாணி முடிஞ்சதும் இருபத்தொண்ணு. சும்மா கூடக் குறைய வரும்னு விட்டுட்டேன். நீங்க அந்த முகாம்ல பாக்கலயாக்கா? நீங்களும் போவீங்கல்ல?"

"போவனுங். வேன்ல. சமைக்கறதுக்கு. அவங்க நடந்து வர்றதுக்குள்ள அடுத்த எடத்துல சோறாக்கி வெக்கோணும். மொத வருசம் நானும் கை நீட்டுனனுங். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர் குடுத்தாங்களே, அந்த வருசம். நடந்தவங்க மட்டும்னுட்டாங். வேன்ல வந்தவங்க வேண்டாமாமா."

"ஏன்?"

"ஆரோக்கியமான ஆளுகதான் வேணுமுன்னாங்."

நஸ்ரீன் அவளைப் பார்த்தார்.

"அது எந்த வருசம்?"

"புள்ளைக்கு ஏழு வயசுங் அப்ப."

எண் வருவதற்கு முந்தைய வருடம்.

சென்னையில் உறுப்பு தான ஆணையத்தில் சுந்தரவரதன் என்ற அதிகாரி இருந்தார். எண்ணை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அன்று மாலை நஸ்ரீன் அவரைப் போனில் பிடித்தார். நோயில்லாதவர்களின் அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டார்.

"தைப்பூசக் கூட்டத்துல," என்றார் அவர். மறைக்க எதுவும் இல்லாத குரல். "நாலாயிரம் பேர். வேற எங்க கிடைப்பாங்க டாக்டர்? குடி இல்ல, பீடி இல்ல, கறி இல்ல. கேட்டதும் கை நீட்டறாங்க. நமக்கு நோயில்லாத ஆளு வேணும். அவங்களவிட நோயில்லாதவங்களை நீங்க காட்டுங்க."

"அவங்க ஒன்றரை மாசம் விரதம் இருந்து, ரெண்டு நாள் நடந்து வந்தவங்க."

"அதனாலதான் ஆரோக்கியமா இருந்தாங்க."

"அதனாலதான் அன்னைக்கு ஆரோக்கியமா இருந்தாங்க சார்."

அவர் வாய் திறப்பதற்குள் நஸ்ரீன் தொடர்ந்தார்.

"சாதாரண மனுசன் எப்படி இருப்பான்னு பாக்கப் போனீங்க," என்றார் நஸ்ரீன். "வருசத்துல ஒரு வாரம் மட்டும் இருக்கிற மனுசனைப் பாத்துட்டு வந்துட்டீங்க. மத்த மாசத்துல அவங்களே நீங்க வெச்ச கோட்டைத் தாண்டிருவாங்க. நடக்காத பொம்பளைங்க கதி என்ன? நல்லா இருக்கிறவங்க பாதிப் பேரை நோயாளி ஆக்கிட்டோம். அந்த நாலாயிரத்துல ஒருத்தர் இப்ப என் வார்டுல படுத்திருக்கார். உள்ள கல்லீரல் வெந்துட்டிருந்தப்ப அவர் உங்களுக்கு ஆரோக்கியமான ஆளு. இன்னைக்கு அவருக்குக் கொடுக்க வந்திருக்கிற அவர் சம்சாரத்தை, அவர் ரத்தத்தை வெச்சுத்தான் வேண்டாம்ங்கறோம்."

சுந்தரவரதன் முட்டாள் அல்ல. மறுக்கவும் இல்லை.

"இதை நான் எழுதறேன்," என்றார். "எழுதித்தான் ஆகணும். ஆனா புது ரத்தம் எடுக்கணும், குழு உட்காரணும். ஒன்றரை வருசம் ஆகும்."

"எங்கிட்ட ஒன்றரை மாசம்தான் இருக்கு."

"விதியைத் தளர்த்தச் சொல்லாதீங்க டாக்டர். தளர்த்தினதாலதான் மூணு பேர் செத்தாங்க. நாளைக்கு உங்களை மாதிரி இல்லாத ஒருத்தர் அதே கதவு வழியா வருவார்."

அதுவும் உண்மைதான். நஸ்ரீன் நன்றி சொன்னார். போனை வைக்கப் போனார்.

"டாக்டர்."

"சொல்லுங்க."

"ரத்தம் எந்த நாள்ல எடுக்கணும், எந்த இடத்துல எடுக்கணும்னு விதியில ஒண்ணும் இல்ல."

அவர் அதை மெதுவாகச் சொன்னார். பிறகு வைத்துவிட்டார்.

மறுநாள் தண்டபாணிக்குத் தெளிவு திரும்பியிருந்தது. நஸ்ரீன் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். கோகிலவாணி கேட்டு முடித்தாள்.

"அப்ப நான் நடக்கறனுங்."

"அதே தூரத்தை உங்க களத்துலயே நடக்கலாம்க்கா."

"இத்தன நாளு அதானுங் பண்ணுனன். செக்கு மாடு மாதிரி. இருபத்திரண்டத் தாண்டல. அவங்க எப்படி நடந்தாங்களோ அப்படித்தான் நடக்கோணும். ரோட்டுலயே போறன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நான் பழனிக்கு எத்தனையோ வாட்டி போயிருக்கறன். ஒருக்காலும் நடந்ததில்லீங்."

"சரி. தண்ணி குறைக்கக் கூடாது. தலை சுத்துனா உட்காந்துரணும். ரத்தம் எடுக்கிற வண்டியோட நானே அந்த மண்டபத்துக்கு வர்றேன்."

கோகிலவாணி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"இது ஏமாத்தறது இல்லீங்களே?"

"யாரை?"

"தெரியலீங். கவருமென்ட."

"உங்க கல்லீரல் நல்லா இருக்கு. நான் கண்ணால பாத்தேன். பாக்காம இருந்திருந்தா உங்களை மேசையில ஏத்த மாட்டேன், எண் அஞ்சே வந்தாலும். அளவுகோல் கோணலா இருக்குக்கா. அது நிமிர்ற வரைக்கும் நாம கொஞ்சம் கோணிக்கறோம்."

படுக்கையிலிருந்து தண்டபாணி விரலை உயர்த்தினார்.

"மொத நா வெரசா நடக்காத புள்ள. வேகமா போறவனெல்லாம் ரெண்டாம் நா ஒக்காந்துக்குவான். கால்ல வெளக்கெண்ண தேச்சுக்கோ. செருப்பு போடக் கூடாது."

"போட்டுக்குவன்."

"விரதத்துக்கு ஆகாது."

"இது டாக்டரம்மா போட்ட விரதம். செருப்புக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நஸ்ரீன் சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தார்.

"நீங்க வேன்ல வாங்," என்றாள் கோகிலவாணி.

தண்டபாணி புரியாமல் பார்த்தார்.

"நானா? வேன்லயா?"

"பின்ன? இத்தன வருசம் நான் வல்லியா?"

ஆடி பிறந்திருந்தது. தை மாதத்தில் அந்தச் சாலையில் தரை தெரியாமல் கூட்டம் போகும். பந்தல், மோர், பாட்டு எல்லாம் இருக்கும். இப்போது அவள் மட்டும் நடந்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த காற்று வலப்பக்கமாக அடித்து முந்தானையைப் பிடுங்கியது. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றின. அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

ஒரு டீக்கடையில் தண்ணீருக்கு நின்றாள்.

"ஏனுங்க்கா, தை மாசம் இன்னும் வரலீங்களே," என்றார் கடைக்காரர்.

"எனக்கு வந்துருச்சுங்."

வேன் முன்னால் போய்ப் புளியமரத்தடியில் நிற்கும். அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பும். களத்து டிரைவர்தான் ஓட்டினார். பின் இருக்கையில் தண்டபாணி தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். மடியில் தண்ணீர்க் குடுவை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து வைத்து அவள் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மதியம் அவள் வரச் சற்றுத் தாமதமாயிற்று. செருப்பு வார் அறுந்துவிட்டது. அவள் கிட்டே வந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது.

"ஏம்புள்ள இவ்வளவு நேரம்?"

"வாரு அந்துருச்சுங். முள்ளுல குத்திக் கட்டிட்டு வாரன்."

"லாரி லாரியாப் போகுது. நான் என்னத்தன்னு நெனைக்கறது?"

அவள் குடுவையை வாங்கிக் குடித்தாள்.

"நடக்கறதுகூடச் சுளுவு," என்றார் அவர். "இப்படி ஒக்காந்துட்டு ரோட்டப் பாத்துட்டு இருக்கறது இருக்குதே."

"இப்பத் தெரியுதுங்களா?"

அவர் குடுவையை வாங்கி மூடினார். அடுத்த நிறுத்தத்தில் அவருக்காக டிரைவர் வாங்கி வந்த வெள்ளரிப் பிஞ்சை அவளுக்கென்று நறுக்கி வைத்திருந்தார். கை நடுக்கத்தில் துண்டுகள் ஒன்றுபோல் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் தாராபுரம் தாண்டினாள். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. கல்யாண மண்டபம் பூட்டியிருந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் ரத்தம் எடுக்கும் வண்டி நின்றது. நஸ்ரீன் இறங்கி வந்தார். கோகிலவாணி கதவோரத் திண்டில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"நடந்தீங்களா, வேனாக்கா?" என்றார் நஸ்ரீன்.

"நடந்தனுங்."

இருவரும் சிரித்தார்கள். ரத்தம் குழாயில் ஏறியது.

வண்டிக்குள் இயந்திரம் முனகியது. அரை மணி நேரம் என்றார்கள். தண்டபாணி வேனிலிருந்து இறங்கி, டிரைவரின் தோளைப் பிடித்து வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்று மண்டபத்துத் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கோகிலவாணி செருப்பைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். எண் இருபது என்று வந்தால் என்ன செய்வது என்று அவள் அந்த இரண்டு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாள். பழனி வரைக்கும் போய்க் கொடுக்க வேண்டியதுதான். அங்கும் ஆகாவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

நஸ்ரீன் வண்டிப் படியில் நின்றார்.

"பதினெட்டு."

"போதுமுங்களா?"

"போதும்."

தண்டபாணி தரையைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. கோகிலவாணி அவர் முதுகில் கை வைத்தாள்.

"பழனி இன்னும் ஒரு நா நடைதான்," என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க வேன்ல ஒக்காந்துட்டுச் சொல்றீங்."

"இப்ப நேரா கோயம்புத்தூர்," என்றார் நஸ்ரீன். "எண் இறங்கியிருக்கிறப்பவே முடிச்சிரணும்."

"மிச்சத்தத் தையில நடந்துக்கறன்," என்றாள் கோகிலவாணி.

அந்த வாரமே அறுவைச் சிகிச்சை நடந்தது. அவள் கல்லீரலின் வலப்பாதியை எடுத்தார்கள். சிவந்து, ஓரம் கூர்மையாக, பளபளப்பாக இருந்தது. கொழுப்பின் மஞ்சள் எங்கும் இல்லை. நஸ்ரீன் அதைச் சுந்தரவரதன் பார்க்கட்டும் என்று படம் எடுக்கச் சொன்னார். பிறகு அதைத் தண்டபாணியின் விலாவுக்குள் பொருத்தினார்கள். ரத்தக் குழாயின் பிடியை விட்டதும் அது நிறம் மாறி நிமிர்ந்தது.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். மூன்று மாதத்தில் இருவருக்குள்ளும் கல்லீரல் முக்கால் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது.

தை வந்தது. தாராபுரம் தாண்டிய மண்டபத்தில் மறுபடி முகாம் போட்டார்கள். இம்முறை சுந்தரவரதன் நேரில் வந்திருந்தார். வாசலில் இரண்டு வரிசைகள். நடந்து வந்தவர்கள் ஒன்று. வேனில் வந்தவர்கள் ஒன்று. ஒரே வீட்டு ஆட்கள், ஒரே ஊர்த் தண்ணீர். விரதமும் நடையும் எண்ணை எவ்வளவு அசைக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று நஸ்ரீன் சொல்லியிருந்தார். சித்திரையில் அதே ஆட்களின் வீட்டுக்குப் போய் மறுபடி எடுப்பார்கள்.

நடந்தவர்கள் வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து சாலை வரை போயிற்று. வேன் வரிசையில் நாலு டிரைவர்கள் நின்றார்கள்.

கோகிலவாணி பச்சைப் புடவையில், குழுவுக்கு முன்னால் வந்தாள். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. ரத்தம் எடுக்கும் பெண் ரப்பர் பட்டையைக் கட்டப் போனாள்.

"அக்கா, ஆபரேஷன் ஏதாச்சும்?"

"பாதிக் கல்லீரலக் குடுத்திருக்கறனுங்."

பட்டை நின்றது.

"அப்ப வேண்டாங்க்கா. சாதாரண ஆளுங்கதான் வேணும்."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று தெரியவில்லை.

வேனில் தண்டபாணி முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் இறங்கக் கூடாது என்பது கட்டளை. நஸ்ரீன் ஜன்னலருகே வந்து அவருடைய போன வாரத்து எண்ணைச் சொன்னார்.

"இருபத்தாறு."

"இருபத்தாறுங்களா?" அவர் கண்கள் வெள்ளையாக இருந்தன. "ஒம்பதா இருந்தனே டாக்டரம்மா."

"ஒன்பதா இருந்தப்ப செத்துட்டு இருந்தீங்கண்ணா."

"இப்ப?"

"இப்ப இயந்திரம் உங்களை நோயாளிங்குது. நல்லா இருக்கீங்க."

அவர் கோகிலவாணி பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, கல்லீரலக் கேட்டா நம்பரையும் சேத்துக் குடுத்துட்ட."

"வெச்சுக்குங். என்றகிட்ட இன்னும் இருக்குது."

மண்டபத்துக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்தன. பத்திருபது வேன்களின் பெண்கள் அங்கே இருந்தார்கள். பொங்கல் கிண்டினார்கள், வாழைக்காய் அரிந்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். கோகிலவாணி போய் நின்றாள்.

"ஏம்புள்ளைங்களா, அங்க வரிசை காலியாக் கெடக்குது. வாங்க."

"எங்களுது எதுக்குங்க்கா?" என்றாள் ராசாத்தி. கரண்டி கையில் இருந்தது. "நாங்க நடக்கலீங்களே."

"அதுக்குத்தான்."

"எனக்கு முப்பத்தொண்ணுங்க்கா. அசிங்கமா இருக்கும்."

"உனக்கு முப்பத்தொண்ணா, இல்ல அவங்க கோடு தப்பான்னு பாக்கத்தான் வந்திருக்காங்க. நீ வல்லீன்னா கோடு அங்கயேதான் கெடக்கும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி பொங்கல் அடிப்பிடிக்கும் என்றாள்.

"நான் கிண்டறன்," என்றாள் கோகிலவாணி. "என்னையத்தான் அங்க வேண்டாம்னுட்டாங்களே."

ராசாத்தி கரண்டியை அவளிடம் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். வாசலுக்குப் போய், டிரைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கையை நீட்டினாள்.